அத்தியாயம் 7: கோதுமை கேட்காத கிறிஸ்துமஸ் பலகாரங்கள்

'குளூட்டன் ஆகாது' என்று மருத்துவர் சொல்லிவிட்ட வீட்டில் டிசம்பர் பிறந்ததும் முதலில் நடப்பது, குளூட்டன் இல்லாத மாவுக் கலவை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வருவதுதான். பழைய பிஸ்கட் செய்முறையில் மைதாவை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு இந்தக் கலவையைப் போடுவார்கள். சுட்டு எடுத்தால் ஒன்று மணலாக உதிரும், இல்லையென்றால் பல்லில் அப்பும். குழந்தை ஒரு வாய் கடித்துவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகும். அந்த வருத்தம் தேவையே இல்லை. ஜெர்மன் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் பலகாரங்களில் சிறந்தவை சில, ஆதியிலிருந்தே கோதுமை மாவு சேராதவை. பாதாம், ஹேசல் நட், முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, வாசனைச் சரக்கு, இவ்வளவுதான் அவற்றின் உடம்பு. மாற்று மாவைத் தேடுவதற்கு முன், மாற்றே வேண்டாத இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் டிசம்பரிலேயே நம்பிக்கை வந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் ஜெர்மனியில் பலகாரம் சுடும் காலம். அந்தச் சின்னச் சின்னப் பலகாரங்களுக்குப் பொதுப்பெயர் ப்ளெட்ஸ்ஷென். ஒவ்வொரு வகையும் தனித்தனித் தகர டப்பாவில் அடைபட்டுக் காத்திருக்கும். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்து ஒரே தட்டில் அடுக்கி விருந்தாளிக்கு வைப்பார்கள். அந்தத் தட்டில் இருக்கும் எல்லாவற்றையும் நாம் செய்யப்போவதில்லை. சோம்பு வாசனையோடு மர அச்சில் அழுத்திச் சுடும் ஷ்ப்ரிங்கர்லே, ஈஸ்ட் போட்டு உப்பவைக்கும் ஷ்டோலன் இரண்டும் கோதுமையின் இழுவையை நம்பி நிற்பவை. குளூட்டன் இல்லாமல் அவற்றைச் செய்ய முடியும். ஆனால் அதற்கு வேறு பக்குவம் வேண்டும், முதல் வருடத்துக்கு அது வேண்டாம். பட்டை நட்சத்திரம், எலிசென் லேப்கூகன், தேங்காய் மக்ரோன், பிறைவடிவக் கிப்ஃபெர்ல், ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்தின் பெட்மென்ஷென் என்று ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஒரு பொருளைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. கண்ணுக்கே தெரியாத அளவு அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பேரில் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் உண்டு. கோதுமையை நிறுத்தியபின் எடுக்கும் பரிசோதனை, நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.

எனவே செய்முறையில் மாவு இல்லை என்பது மட்டும் போதாது, சமையலறையிலும் மாவு இருக்கக்கூடாது. சப்பாத்தி தேய்த்த பூரிக்கட்டையின் மரத்துக்குள் மைதா ஊறிக்கிடக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. சல்லடையும் அப்படித்தான். அதன் கம்பி வலைக்குள் சிக்கிய மாவை நம்மால் பார்க்கவே முடியாது. இந்த இரண்டுக்கு மட்டும் தயங்காமல் புதிது வாங்கி, ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தனியே வையுங்கள். உலோகத் தட்டுகளையும் கிண்ணங்களையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். ஓவன் தட்டின் மேல் எப்போதும் புது பட்டர் பேப்பர் விரியுங்கள். அதே வீட்டில் மைதா கேக்கும் சுடப்போகிறீர்கள் என்றால், குளூட்டன் இல்லாததைக் காலையில் முதலில் சுட்டு, ஆறவைத்து, டப்பாவில் மூடிவிட்ட பிறகே மைதா பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். மாவுத் தூள் காற்றில் வெகுநேரம் மிதந்து, திறந்துவைத்த எல்லாவற்றின் மேலும் படியும்.

ஜெர்மனியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கடையில் சில சொற்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும். வைட்சன் கோதுமை, கெர்ஸ்டெ பார்லி, ரொகன் ரை. இவை மூன்றும் பொருள் பட்டியலில் பெரும்பாலும் தடித்த எழுத்தில் தனித்துத் தெரியும். ஐரோப்பியச் சட்டப்படி ஒவ்வாமைப் பொருள்களை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டியாக வேண்டும். ஆளை ஏமாற்றுவது நான்காவது சொல்லான டிங்கல். அங்கே உடம்புக்கு நல்லதென்று பெயர் வாங்கிய பழைய தானியம் அது. அன்போடு, 'இதில் கோதுமை இல்லை, டிங்கல்தான்' என்று சொல்லி அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். டிங்கலும் கோதுமை இனம்தான், குளூட்டன் நிறைந்தது. நன்றி சொல்லி வாங்கி, வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பேக்கிங் பவுடரில் சேர்க்கும் மாவுச்சத்து சோளத்திலிருந்தும் வரலாம், கோதுமையிலிருந்தும் வரலாம். அதன் பொட்டலத்தையும் திருப்பிப் பாருங்கள்.

இனி சமையல்.

ட்சிம்ட்ஷ்டெர்னே என்னும் பட்டை நட்சத்திரம் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள ஷ்வாபியப் பகுதியோடு சேர்த்துப் பேசப்படுவது. மேலே பனிபோல் வெள்ளைப் பூச்சு, உள்ளே பழுப்பாக, மெல்ல மெல்ல இழுபடும் பாதாம். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஏறக்குறைய 40 நட்சத்திரங்களுக்கு 350 கிராம் தோலோடு கூடிய பாதாம், 250 கிராம் பொடித்த சர்க்கரை, மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூள், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு வேண்டும். தேய்க்கும்போது தூவ இன்னும் ஒரு கைப்பிடி பாதாம் பொடி. வெள்ளைக்கரு மூன்றும் சேர்ந்து 100 கிராம் அளவில் இருக்கட்டும். முட்டை சிறிதாக இருந்தால் நான்காகும்.

பாதாமை வீட்டிலேயே பொடிப்பது நல்லது. பொடியாக விற்பது எந்த இயந்திரத்தில் அரைபட்டதோ தெரியாது. முழுப் பாதாமை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, அளந்த சர்க்கரையிலிருந்து இரண்டு ஸ்பூன் சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் கக்கி, ஓரத்தில் விழுதாக ஒட்டிக்கொள்ளும். ரவைப் பதத்துக்கும் மாவுப் பதத்துக்கும் நடுவே நிறுத்த வேண்டும். அந்தப் பொடியைப் பிடித்தால் கைக்குள் லேசாகத் திரளும், விட்டால் உதிரும்.

எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கிண்ணத்தில் வெள்ளைக்கருவை உப்போடும் எலுமிச்சைச் சாற்றோடும் அடியுங்கள். நுரை வெளுத்துத் திரண்டதும் சர்க்கரையை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்துக்கொண்டே அடிக்க, நுரை பளபளவென்று கனத்து, பீட்டரைத் தூக்கினால் கொக்கிபோல் நிற்கும். இந்த நிலையில் ஆறு டேபிள்ஸ்பூன் நுரையைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, ஈரத்துணி போட்டு மூடிவிடுங்கள். மேல்பூச்சுக்கு வேண்டியது இதுதான். பலர் இதை எடுத்துவைக்க மறந்து, பிறகு சர்க்கரையில் தண்ணீர் குழைத்துப் பூசுகிறார்கள். அந்தப் பூச்சு கண்ணாடிபோல் விரிசல் விடும். நுரைப் பூச்சுதான் கடிக்கும்போது மெல்லிசாக நொறுங்கும்.

மீதி நுரையில் பாதாம் பொடியையும் பட்டைத்தூளையும் போட்டுக் கலந்தால் கையெல்லாம் ஒட்டும் ஒரு பிண்டம் கிடைக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும். இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே, பாதாம் பொடி தூவி, கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். மெல்லிசாகத் தேய்த்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் உள்ளே ஈரம் நிற்காமல் கல்லாகிவிடும். மேல்தாளை உரித்துவிட்டு, எடுத்துவைத்த நுரையை முழுப்பரப்பிலும் சீராகப் பூசி, அப்புறம் வெட்டுங்கள். நட்சத்திரம் ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றின் ஐந்து முனைக்கும் தூரிகையால் பூசுவதைவிட இது எவ்வளவோ எளிது, முனைகளும் கூர்மையாக வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் அச்சைத் தண்ணீரில் முக்க வேண்டும். ஜெர்மனியில் இதற்கென்றே கீல் வைத்த நட்சத்திர அச்சு விற்கிறார்கள். வெட்டியதும் அச்சு விரிந்து துண்டை விட்டுவிடும். வருடாவருடம் செய்கிறவர்களுக்கு அது நல்ல முதலீடு.

ஓவன் 150 டிகிரி செல்சியஸ், மேலும் கீழும் கம்பி எரிய வேண்டும். தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள். 12 முதல் 15 நிமிடம். காற்றாடி ஓடும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். பூச்சு வெள்ளையாகவே இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். பொன்னிறத்துக்குக் காத்திருந்தால் காரியம் கெட்டது. வெளியே எடுக்கும்போது தொட்டால் மெத்தென்று இருக்கும், இன்னும் வேகவில்லையோ என்று தோன்றும். அடிப்பக்கம் தாளிலிருந்து கிழியாமல் உரிந்து வந்தால் வெந்துவிட்டது. மிச்சத்தை ஆறும் நேரம் பார்த்துக்கொள்ளும். மழை ஓயாத டிசம்பர் ஈரத்தில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சுடுகிறவர்கள், ஓவனை அணைத்தபின் கதவை ஓரங்குலம் திறந்துவைத்து, நட்சத்திரங்களை உள்ளேயே அரைமணி நேரம் காயவிடுங்கள். அந்த ஈரக்காற்றில் வெளியே வைத்தால் பூச்சு பிசுபிசுத்துவிடும்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2006-ல் ஜெர்மனியின் கூட்டரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம், பட்டையில் உள்ள கூமரின் என்ற பொருள் குறித்து எச்சரித்தபோது பட்டை நட்சத்திரங்களும் பேச்சுக்குள் வந்தன. கூமரின் அளவுக்கு மிஞ்சினால், அது ஒத்துக்கொள்ளாத சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவு. சிறு குழந்தை ஒரே அமர்வில் பத்துப் பன்னிரண்டு நட்சத்திரம் தின்றால் அந்த வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. ஆனால் இது காசியா என்ற முரட்டுப்பட்டையைப் பற்றிய கவலை. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகமிகக் குறைவு. இரண்டையும் பிரித்தறிவது சுலபம். காசியா ஒற்றைத் தகடாக, தடித்து, உடைக்க முடியாமல் இருக்கும். கறுவா தாள் போன்ற பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நெரித்தாலே நொறுங்கும். நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் காசியாதான் கிடைக்கும். இந்தப் பலகாரத்துக்காவது விலை கூடினாலும் கறுவாவை வாங்கி வீட்டில் பொடியுங்கள். கறுவாவின் வாசனையில் காரம் குறைவு, இனிப்பு கூடுதல்; பாதாமோடு அதுதான் பொருந்துகிறது.

அடுத்தது நியூரம்பர்க் நகரத்தின் பெருமை, எலிசென் லேப்கூகன். நகரைச் சுற்றியிருந்த காட்டிலிருந்து தேன் வந்தது. வணிகப் பாதைகளின் சந்திப்பில் நகரம் இருந்ததால் ஏலம், கிராம்பு, ஜாதிக்காய் வந்து சேர்ந்தன. 1643-ல் அங்கே லேப்கூகன் சுடுகிறவர்களுக்கென்று தனிச் சங்கமே ஏற்பட்டது. நியூரம்பர்க் லேப்கூகன் என்ற பெயருக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. எலிசென் என்பது அதில் உயர்ந்த தரம். குறைந்தது நான்கில் ஒரு பங்கு பாதாம், ஹேசல் நட், வால்நட் ஆகியவை இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஜெர்மன் விதி. பல வீடுகளில் மாவே சேர்ப்பதில்லை.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. விதி 10 சதவீதம் வரை மாவை அனுமதிப்பதால், கடையில் வாங்கும் எலிசென் குளூட்டன் இல்லாதது என்று நினைத்துவிட முடியாது. வீட்டில் மாவில்லாமல் செய்தாலும் அடியில் ஒட்டும் தாள் ஒன்று உண்டு. ஒப்லாட்டன் என்ற அந்த வெள்ளை வட்டத் தாள், தேவாலயத்தில் நற்கருணைக்குப் பயன்படும் அப்பத்தின் இனம். ஒட்டும் கலவை தட்டில் பிடிக்காமலிருக்க மடங்களில் அதன்மேல் வைத்துச் சுட்டார்கள். சாதாரண ஒப்லாட்டன் கோதுமை மாவில் செய்தது. கலவையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், கடைசியில் இந்த மெல்லிய தாள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உருளைக்கிழங்கு அல்லது சோள மாவுச்சத்தில் செய்த ஒப்லாட்டன், 'குளூட்டன்ஃப்ரை' என்ற எழுத்தோடு தனியாக விற்கிறது. அது கிடைக்காவிட்டால் தாளே வேண்டாம், பட்டர் பேப்பரில் நேராக வைத்துச் சுடுங்கள். அடிப்பாகம் சற்றுக் கருத்தாலும் ருசியில் குறையில்லை.

மூன்று முட்டை, 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் தேன் மூன்றையும் வெளுத்துத் தடிக்கும்வரை அடியுங்கள். 200 கிராம் பாதாம் பொடி, 200 கிராம் ஹேசல் நட் பொடி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த ஆரஞ்சுத் தோலும் நார்த்தைத் தோலும் தலா 100 கிராம், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் இவற்றைச் சேருங்கள். பழத்தோல்களைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும், பல்லில் தனியாக அகப்படக்கூடாது. வாசனைப்பொடிக்கு ஆறு பங்கு பட்டை, இரண்டு பங்கு கொத்தமல்லி விதை, ஏலம், கிராம்பு, ஜாதிபத்திரி, சுக்கு, அன்னாசிப்பூ ஆகியவை தலா ஒரு பங்கு என்று எடுத்துப் பொடித்து, மூன்று டீஸ்பூன் போடுங்கள். மற்ற எந்தப் பொருளையும்விட இந்தப் பொடியில்தான் நம் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே பொட்டலமாக வாங்கும் பொடியைவிட, அன்றைக்கே இடித்த சரக்கின் மணம் பல மடங்கு.

கலவையை ஓர் இரவு குளிரில் வைத்தால் பொடிகள் ஈரத்தை இழுத்துத் தடிக்கும். மறுநாள் ஏழு சென்டிமீட்டர் ஒப்லாட்டன் ஒவ்வொன்றின் மேலும் நடுவில் மேடாக, ஓரத்தில் தாழ்வாக வைத்து, ஈரக்கத்தியால் வழித்துவிடுங்கள். உடனே ஓவனில் தள்ள வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் திறந்துவைத்தால் மேலே ஒரு தோல் கட்டும். அந்தத் தோல் உள்ளே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். 160 டிகிரியில் 20 நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். விரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போய் மீள வேண்டும். ஆறியபின் கறுப்புச் சாக்லெட்டை உருக்கிப் பூசலாம், சர்க்கரைப் பூச்சும் போடலாம், வெறுமனேயும் விடலாம். மூன்று விதமும் மரபில் உண்டு. சுட்ட அன்று இது சுமார்தான். டப்பாவில் ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வாசனைகள் ஒன்றோடொன்று கலந்து, உள்ளே இளகி, வேறு பலகாரமாகியிருக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னதாக, முதல் ஞாயிறுக்கே இதைச் சுட்டுவிடுங்கள்.

தேங்காய் மக்ரோனுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. மூன்று வெள்ளைக்கருவை 150 கிராம் சர்க்கரையோடு கெட்டியாக அடித்து, 200 கிராம் உலர் தேங்காய்த் துருவலைக் கலந்து, இரண்டு ஸ்பூன்களால் குட்டிக் குவியல்களாக வைத்து, 150 டிகிரியில் கால் மணி நேரம் சுட வேண்டும். நுனி மட்டும் சிவக்கட்டும். பச்சைத் தேங்காயைத் துருவிப் போடாதீர்கள். அதன் பால் நுரையை அடக்கிவிடும். ஒப்லாட்டன் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

வெள்ளைக்கருவையே எடுத்துக்கொண்டிருந்தால் மஞ்சள்கரு மிஞ்சுமே என்று கேட்பீர்கள். ஜெர்மன் வீடுகளில் அதற்கு விடை தயாராக இருக்கிறது. நட்சத்திரம் சுடும் நாளிலேயே கிப்ஃபெர்லும் சுடுவார்கள், ஏனெனில் கிப்ஃபெர்லுக்கு வேண்டியது மஞ்சள்கரு மட்டும். வனிலா மணக்கும் இந்தப் பிறை ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் பெயர்பெற்றது. இதில் மாவு உண்டு. ஆனாலும் குளூட்டன் இல்லாமல் செய்ய இதைவிடத் தோதான பலகாரம் கிடையாது. வாயில் வைத்ததும் உதிர்ந்து கரைய வேண்டும் என்பதே இதன் லட்சணம். மைதாவில் செய்கிறவர்கள் குளூட்டன் இழுவை கொடுத்துவிடுமோ என்று பயந்து, அதிகம் பிசையாமல் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு அந்தப் பயமே இல்லை.

130 கிராம் பச்சரிசி மாவு, 70 கிராம் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), தோலுரித்த பாதாம் பொடி 100 கிராம், 70 கிராம் பொடித்த சர்க்கரை, 160 கிராம் குளிர்ந்த வெண்ணெய், மூன்று மஞ்சள்கரு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் பொடித்த இசப்கோல். மைதா இல்லாத குறையைக் கூடுதல் மஞ்சள்கருவும் இசப்கோலும் ஈடுகட்டும். இவையின்றிச் செய்தால் பிறையாக வளைக்கும்போதே உடையும்.

அரிசி மாவில் கவனம் வேண்டும். வறுத்த மாவு ஈரத்தை அதிகம் குடிக்கும், எனவே வறுக்காததுதான் சரி. மாவு மில்லில் அரைத்து வாங்கியதாக இருக்கக்கூடாது. முன்னால் நின்றவர் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் உங்கள் அரிசியும் விழுகிறது. அரிசியில் குளூட்டன் கிடையாது என்ற நிம்மதியில், மில் மாவால் மாதக்கணக்கில் உடம்பைக் கெடுத்துக்கொள்ள இடமுண்டு. பச்சரிசியைக் கழுவி, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்து, கோதுமை படாத புதுச் சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். நறநறப்பு இருந்தால் கிப்ஃபெர்லின் உயிரே போய்விடும்.

எல்லாவற்றையும் விரல்நுனியால் உதிர்த்துச் சேர்த்து, உருட்டி, மூடி, ஒன்றரை மணி நேரம் குளிரில் வையுங்கள். சுட்டுவிரல் தடிமனுக்கு உருட்டி, பத்து கிராம் அளவில் துண்டு போட்டு, இரு முனையையும் கூர்மையாக்கிப் பிறையாக வளையுங்கள். விரிசல் விட்டால் உள்ளங்கைச் சூட்டில் ஒருமுறை பிசைந்து மறுபடி உருட்டுங்கள். 170 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட்டு, முனை மட்டும் நிறம் மாறும்போது எடுங்கள். தட்டிலிருந்து உடனே தூக்கினால் இரண்டாகும். பத்து நிமிடம் பொறுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே, வனிலா நெற்று புதைத்துவைத்த பொடிச்சர்க்கரையில் மெதுவாகப் புரட்டுங்கள். முற்றும் ஆறிவிட்டால் சர்க்கரை ஒட்டாது.

கடைசியாக, ஃப்ராங்க்ஃபர்ட்டின் பெட்மென்ஷென். பாதாமும் சர்க்கரையும் பிசைந்த மர்ட்சிபான் உருண்டை, அதன் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் மூன்று அரைப்பாதாம். பெட்மன் என்ற வங்கிக் குடும்பத்துக்காக 1838-ல் ஒரு பாரிஸ் சமையல்காரர் செய்தது, நான்கு மகன்களுக்காக முதலில் நான்கு பாதாம் வைத்தார், 1845-ல் ஹைன்ரிஷ் என்ற மகன் இறந்தபின் ஒன்றைக் குறைத்தார் என்று கதை சொல்வார்கள். கதையில் வரும் குடும்பத் தலைவர் சைமன் மோரிட்ஸ் 1826-லேயே காலமாகிவிட்டார். ஆகவே கதையைக் கதையாக வைத்துக்கொண்டு பலகாரத்தைச் சுடலாம்.

மரபான செய்முறையில் சிறிது கோதுமை மாவு வரும். அந்த இடத்தில் பாதாம் பொடியைப் போட்டால் இன்னும் நன்றாகவே இருக்கிறது. மர்ட்சிபான் கிடைக்காத ஊரில், தோலுரித்து நன்றாக உலர்த்திய பாதாம் 250 கிராமை மிக நைஸாகப் பொடித்து, 150 கிராம் பொடிச்சர்க்கரை, ஒரு வெள்ளைக்கரு, ஒரு டேபிள்ஸ்பூன் பன்னீர் விட்டுப் பிசையுங்கள். கல்யாணத்தில் தெளிக்கும் பன்னீர் ஆகாது, உணவுக்கென்று விற்பதுதான் வேண்டும். ஒரு மணி நேரம் குளிரில் வைத்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, மூன்று அரைப்பாதாமைப் பக்கங்களில் அழுத்தி, ஒரு மஞ்சள்கருவைப் பாலில் கலந்து பூசி, 160 டிகிரியில் கால் மணி நேரம் சுடுங்கள். முட்டை சாப்பிடாத வீட்டில் இந்த ஒன்றை முட்டையே இல்லாமல் செய்யலாம். வெள்ளைக்கருவுக்குப் பதில் பன்னீரைக் கூட்டி, மேலே பால் மட்டும் பூசினால் நிறம் குறையும், ருசி குறையாது. நட்சத்திரத்துக்கும் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை நுரைக்க அடித்துப் பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே வருகிறது.

நட்சத்திரம், கிப்ஃபெர்ல், பெட்மென்ஷென் மூன்றையும் ஒரே நாளில் சுட்டால் நான்கு முட்டையில் கணக்கு நேராகிவிடும். மூன்று வெள்ளைக்கரு நட்சத்திரத்துக்கு, ஒன்று பெட்மென்ஷெனுக்கு. மூன்று மஞ்சள்கரு கிப்ஃபெர்லுக்கு, ஒன்று பூசுவதற்கு.

டப்பாக்களில் வகை கலக்கக்கூடாது. கிப்ஃபெர்ல் காய்ந்தே இருக்க வேண்டியது, லேப்கூகன் ஈரமாகவே இருக்க வேண்டியது. ஒன்றாய் அடைத்தால் இரண்டும் கெடும். லேப்கூகன் டப்பாவில் ஒரு ஆப்பிள் துண்டைத் தாளில் வைத்து மூடினால் இறுகிப்போனதும் இளகும். துண்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நட்சத்திரமும் கிப்ஃபெர்லும் குளிர்நாட்டில் மூன்று நான்கு வாரம் தாங்கும், நம் ஊர் வெப்பத்தில் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பெட்மென்ஷெனை ஒரு வாரத்துக்குமேல் வைக்க வேண்டாம், உலர்ந்துவிடும்.

விருந்து நாளில் எல்லாப் பலகாரத்தையும் ஒரே தட்டில் அடுக்கும் ஜெர்மன் வழக்கம் அழகானதுதான். ஆனால் மைதா பிஸ்கட்டும் சுட்டிருக்கும் வீட்டில் அது கூடாது. குளூட்டன் இல்லாததற்கு வேறு நிறத்தில் ஒரு தட்டு, அதற்கென்று ஓர் இடுக்கி. மைதா கேக் தொட்ட கை அந்தத் தட்டுக்குள் போகாதபடி, பத்தியக்காரர் உட்காரும் பக்கத்தில் அதை வையுங்கள். அவருக்கு வேண்டிய பங்கை முன்கூட்டியே தனி டப்பாவில் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். நட்சத்திரங்கள் மேசைக்கு வந்துவிட்டால் கோதுமை சாப்பிடுகிறவர்களும் அந்தத் தட்டுக்குத்தான் முதலில் கை நீட்டுவார்கள்.